நாலு கால் பாய்ச்சல் – 4: இருநூறு யுவான் மனிதன்

சத்தம். கடைசியில் அதுதான் கழுத்தை அறுத்தது.

2014 ஜூலையில் ஹவாயின் மேட்டு நிலத்தில், அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்களின் பின்னால் மூட்டை முடிச்சுகளோடு எல்எஸ்3 என்ற நாலு கால் ரோபோ ஏறிப் போவதைச் சென்ற வாரம் பார்த்தோம். 180 கிலோ சுமக்கும். கல்லும் புதரும் அதற்கு ஒரு பொருட்டில்லை. உருண்டு விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும். ஆனால் வயிற்றுக்குள் ஓடிய என்ஜின் போட்ட இரைச்சல், படை இருக்கும் இடத்தை எதிரிக்குத் தண்டோரா போட்டுச் சொல்லிவிடும். மறைந்து நகர வேண்டியவர்களுக்கு அது எப்படி ஆகும்? 2015 முடிவதற்குள் மரைன் படை அதை ஓரங்கட்டிவிட்டது.

மார்க் ரைபர்ட் இப்படியொரு இயந்திரத்துக்காகக் கொடுத்த உழைப்பை நினைத்தால் மனசு கனக்கிறது. 1980இல் கார்னெகி மெலனில் ஆய்வுக்கூடம் தொடங்கி, ஒற்றைக் காலில் தத்திக் குதிக்கும் இயந்திரம் செய்து, எம்ஐடிக்குப் போய், 1992இல் பாஸ்டன் டைனமிக்ஸைத் தொடங்கி, 2005இல் எல்எஸ்3இன் முன்னோடியான பிக்டாகை நடக்க வைத்த மனிதர். கால் நூற்றாண்டு!

நடக்கும் நாய்க்கு என்ஜின் எதற்கு என்று சில வாசகர்களுக்குத் தோன்றலாம். ஜேசிபி மண் அள்ளுவதைப் பாருங்கள். அந்த இரும்புக் கைக்குப் பலம் தருவது எண்ணெய் அழுத்தம். என்ஜின் பம்பை ஓட்டும், பம்பு எண்ணெயை அழுத்தும், அழுத்தப்பட்ட எண்ணெய் குழாய் வழியே போய் மூட்டை மடக்கும், நீட்டும். பிக்டாகின் காலும் அப்படித்தான் நடந்தது. அதே எடையுள்ள மின் மோட்டார் அன்றைக்கு அந்த அளவு பலத்தைத் தராது. ஆகவே ரைபர்ட் எண்ணெயை நம்பியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எண்ணெய் வந்தால் கூடவே பம்பு வரும், நுணுக்கமான வால்வு வரும், கசிவு வரும், சத்தம் வரும். செலவு எக்கச்சக்கம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா பணத்தைக் கொட்டியதால்தான் பிக்டாக் நடந்தது.

கையில் காசே இல்லாத ஒருவன் இதே கனவைக் கண்டால்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கடலையும் தாண்ட வேண்டும்.

கிழக்குச் சீனாவில் ஹாங்சோ நகரம். 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில், வீரர்கள் எறிந்த வட்டுகளை இயந்திர நாய்கள் முதுகில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தனவே, அதே ஊர். அந்த நாய்களின் கதை அங்குள்ள செஜியாங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ஒருவரிடம் தொடங்குகிறது. பெயர் வாங் சிங்சிங். 1990இல் நிங்போவில் பிறந்தவர். ரோபோ செய்ய வேண்டும். மொத்தச் செலவு 200 யுவான், அன்றைய மதிப்பில் சுமார் 1,400 ரூபாய். அந்தக் காசுக்குள் கையாலேயே ஒரு குட்டி மனித உருவத்தைச் செய்து, இரண்டு காலில் நடக்க வைத்துவிட்டார்.

அதே பையனுக்கு ஆங்கிலம் மட்டும் வரவே இல்லை. மேல்படிப்புக்குப் பெயர்பெற்ற செஜியாங் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டார். ஆங்கில மதிப்பெண் காலை வாரிவிட்டது. ஒரே ஒரு தாளில் தடுக்கி விழுந்து வழி மாறிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். 2013இல் வாங் ஷாங்காய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கேட்ட கதவு திறந்திருந்தால் இந்த நாய் பிறந்திருக்குமா என்பது எனக்கு இன்றும் தீராத கேள்வி.

ஷாங்காயில் அவர் செய்யத் தொடங்கிய இயந்திர நாயின் பெயர் எக்ஸ்டாக். ரைபர்ட் மீது அவருக்கு அளவுகடந்த பக்தி. ஆனால் ரைபர்ட் போன பாதையில் போக வசதி இல்லை. எண்ணெய்க் குழாய்க்கும் வால்வுக்கும் ஒரு மாணவன் எங்கே போவான்? மிச்சம் இருந்தது மின் மோட்டார். அதைத்தான் பெரியவர்கள் ஏற்கெனவே ஆகாது என்று தள்ளிவைத்திருந்தார்கள்.

ஏன் ஆகாது? சாதாரண மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் தள்ளும் பலம் குறைவு. பல்சக்கரங்களைப் பூட்டி, நூறு சுற்றை ஒரு சுற்றாகக் குறைத்தால் பலம் கூடும். கூடவே ஒரு வினையும் வரும். கார் ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் கார் மேலே எழும். ஆனால் காரின் பாரம் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றாது. பல்சக்கரம் அதிகமாகப் பூட்டிய காலும் அப்படித்தான் விறைத்து நிற்கும். பாதம் தரையில் மோதும்போது வளைந்து கொடுக்காது. அடி முழுவதும் பற்களின் மேல் விழும். நாலு எட்டு ஓடினால் பல் உடையும்.

இதற்கான விடை நம் வீட்டுக் கூரையிலேயே தொங்குகிறது. மின்விசிறியின் நடுத்தண்டு அசைவதில்லை. வெளி ஓடுதான் இறக்கைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. ஓடு அகலமாக இருப்பதால் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல பலம் கிடைக்கும். டிரோன்களில் இருப்பதும் இதே வகை மோட்டார்தான், இன்னும் இறுக்கமாக, தட்டையாக. அந்த ஆண்டுகளில் டிரோன் மோகத்தால் இந்த மோட்டார்கள் சீனாவில் மலிவாகக் கிடைத்தன.

வாங் அந்த வகை மோட்டாரைப் பிடித்துக்கொண்டார். பல்சக்கரம் கொஞ்சமாகப் போட்டால் போதும் என்றானது. கால் விறைக்காமல், தரை தள்ளினால் பின்வாங்கிக் கொடுத்தது. தரை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதையும் மோட்டாருக்குள் ஓடும் மின்சாரத்தை அளந்தே கணித்துவிடலாம். அதற்கென்று விலை உயர்ந்த உணரி வாங்க வேண்டியதில்லை. எம்ஐடியில் சாங்பே கிம் தம் சீட்டா ரோபோவை இதே திசையில்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் ஆய்வுக்கூடமே இருந்தது. இங்கே உடல், சுற்றுப்பலகை, மோட்டாரை ஆட்டிவைக்கும் மின்னணு, நடையைக் கட்டுப்படுத்தும் நிரல் எல்லாம் ஒரே ஆள்.

வாங் பின்னாளில் தொடங்கிய யூனிட்ரீ கம்பெனியின் விலையைப் பார்த்து இன்று ஊர் வியக்கிறது. 2024இல் ஜி1 என்ற மனித உருவ ரோபோ 16,000 டாலர். 2025இல் ஆர்1, வெறும் 5,900 டாலர். அரசு உதவி, மலிவான உழைப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அந்த விலைச் சீட்டில் முதல் எழுத்து விழுந்தது ஷாங்காயில் இந்த மாணவரின் மேசையில் என்பது என் கட்சி. வாங்க முடியாததை எல்லாம் அவர் வடிவமைப்பிலிருந்தே நீக்கிவிட்டார்.

எக்ஸ்டாக் நடந்தது. ஷாங்காயில் நடந்த ரோபோ வடிவமைப்புப் போட்டியில் இரண்டாம் பரிசும் வாங்கியது. முதல் பரிசு இல்லை, கவனியுங்கள்.

2016இல் படிப்பு முடிந்தது. வாங் ஷென்சென் நகரத்துக்குப் போய், டிரோன் உலகின் முதல்வனான டிஜேஐயில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம். வேறு யாராக இருந்தாலும் கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும்.

எக்ஸ்டாகின் வீடியோ அதை முடியவிடவில்லை. இணையத்தில் போட்ட அந்தப் படம் சீனாவைத் தாண்டிப் போனது. நாயை விலைக்குக் கேட்டார்கள். முதல் போட ஆள் வந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு வீடியோ வந்தது. பாஸ்டன் டைனமிக்ஸின் புதிய நாய், ஸ்பாட்மினி. என்ஜின் இல்லை, எண்ணெய் இல்லை, இரைச்சல் இல்லை. முழுக்க மின்சாரம்!

எண்ணெயை நம்பி வாழ்ந்த குருவே சீடனின் பாதைக்கு வந்துவிட்டார். தான் பிடித்த வழி சரிதான் என்று வாங் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் குருவின் கம்பெனி அப்போது கூகுள் கையில் இருந்தது. அத்தனை பெரிய யானையோடு, இருபத்தாறு வயதுப் பையன் எதை வைத்து மோதுவான்?

டிஜேஐயில் சேர்ந்து இரண்டு மாதம்தான். வாங் வேலையை விட்டார். ஆகஸ்டில் ஹாங்சோவுக்குத் திரும்பிக் கம்பெனியைப் பதிவு செய்தார். சீனத்தில் யூஷு. யூ என்றால் அண்டம், ஷு என்றால் மரம். உலகத்துக்கு அது யூனிட்ரீ.

அடுத்த ஆண்டு முதல் நாய் எழுந்து நின்றது. அதற்கு ஒரு பெயர் வேண்டும். வாங் தேர்ந்தெடுத்தது 1957இல் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை. மாஸ்கோ தெருவில் திரிந்து, ஸ்புட்னிக்-2இல் ஏற்றப்பட்டு, பூமியைச் சுற்றிய முதல் உயிர். லைக்கா.

லைக்காவுக்குத் திரும்பி வரும் வழியே வைக்கப்படவில்லை.

அந்தப் பெயரைச் சுமந்து லைக்காகோ சந்தைக்குள் முதல் அடி எடுத்து வைத்தது. வாசலில் அதை வாங்க யார் நின்றார்கள்?

(தொடரும்)