ஆளில்லாத படங்கள்

பழைய ஆங்கிலக் கிராமமொன்றைப் படம்பிடிக்கப் புறப்படும் எவருக்கும் முதலில் வேண்டியது பொறுமை. வீதியோரத்தில் நிறுத்திய கார் அகலவேண்டும். பஸ்ஸில் வந்திறங்கிய உல்லாசப் பயணிகள் கலைந்துபோகவேண்டும். மேகம் விலகி வெயில் சுவரில் விழவேண்டும். இத்தனையும் ஒருங்கே கூடும் சில விநாடிகளுக்காக நெடுநேரம் காத்துநிற்க நேரும். சில ஆண்டுகளுக்கு முன்னர், இலண்டனில் வசிக்கும் என் தமக்கையின் மகனுடன் வில்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள லேகொக் கிராமத்துக்குச் சென்றபோது நானும் அவ்வாறே காத்துநின்றேன். புகைப்படக் கலையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு லேகொக் ஒரு யாத்திரைத் தலம். அந்தக் கிராமத்தை நான் தேர்ந்தெடுத்ததும் அதனாலேயே.

சிப்பன்ஹாம் நகருக்குத் தெற்கே ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும் லேகொக்கை அரை மணி நேரத்தில் சுற்றிவந்துவிடலாம். ஒரு சதுரத்தின் பக்கங்களைப் போல நான்கு வீதிகள். மரச்சட்டங்களுக்கு இடையே சாந்து பூசிய சுவர்களும், வயதின் பாரத்தால் முன்னே சரிந்தாற்போன்ற மேல்மாடிகளும், கல் ஓடு வேய்ந்த கூரைகளுமாக வீடுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. புனித சிரியாக் தேவாலயம் இருக்கிறது. ஜோர்ஜ் இன் என்னும் பழைய விடுதியின் அடுப்பங்கரையில், இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றுவதற்காக நாயொன்றை உள்ளே விட்டு ஓடச்செய்த சக்கரம் இன்றும் இருக்கிறது. வீதிக்கு மேலே மின்கம்பிகள் எவையும் கண்ணில் படுவதில்லை. 1995இல் பிபிசி தயாரித்த ஜேன் ஒஸ்ரினின் நாவலுக்கும், பின்னர் ஹரி பொட்டர் திரைப்படங்களுக்கும் படப்பிடிப்பாளர்கள் இங்கு வந்ததில் வியப்பில்லை.

இந்த அழகு எவ்வாறு எஞ்சியது என்ற கேள்வியை உல்லாசப் பயணி கேட்பதில்லை. பத்திரிகையாளன் கேட்டாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சோல்ஸ்பரி கோமகள் எலா இங்கே ஒரு கன்னியர் மடத்தை நிறுவினார். மடத்தைச் சார்ந்து கிராமம் வளர்ந்தது. கம்பளி வணிகம் அதற்குச் செல்வம் சேர்த்தது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் லேகொக் மடமும் மூடப்பட்டது. அதை விலைக்கு வாங்கிய வில்லியம் ஷரிங்டன் என்பவர் மாளிகையாக மாற்றினார். அவருடைய சகோதரரின் மகள் வழியாக அது டல்பொட் குடும்பத்தின் கைக்கு வந்தது.

பின்னர் இயந்திரத் தறிகளின் காலம் வந்தது. துணித்தொழில் பெரிய ஆலைகள் இருந்த நகரங்களை நாடிச் சென்றது. கைத்தறியை நம்பிய கிராமங்கள் நலிந்தன. பணம் புழங்கிய ஊர்களில் பழைய வீடுகளை இடித்துப் புதியவை கட்டினார்கள். லேகொக்கில் இடிக்க வேண்டிய தேவை எழவில்லை. வீடுகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்தன, குடியிருந்தவர்கள் வாடகைக்காரர். இன்று நாம் கண்டு மகிழும் அழகில் ஒரு பங்கு, தொழிலிழந்த நெசவாளரின் வறுமை நமக்கு விட்டுச்சென்றது. 1944இல் மடில்டா டல்பொட் என்னும் பெண்மணி மாளிகையையும் கிராமத்தையும் நஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக வழங்கினார். அன்று முதல் அந்த அமைப்பே அவற்றைப் பேணி வருகிறது. வீடுகளில் இன்றும் மக்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

மடில்டாவின் பாட்டனார்தான் வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பொட். 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், ஒளியியற் கருவியொன்றின் துணையோடு இயற்கைக் காட்சியை வரைய முயன்று அவர் தோற்றுப்போனார். கை வரைய மறுத்ததைக் கடதாசி தானாகவே பதிந்துகொண்டால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்தது. ஊர் திரும்பியதும், கடதாசியை உப்பு நீரிலும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலும் தோய்த்துப் பரிசோதனை செய்யத் தொடங்கினார். சிறிய மரப்பெட்டிகளைக் கமராக்களாக்கி மாளிகையைச் சுற்றி வைத்தார். அவருடைய மனைவி கொன்ஸ்ரன்ஸ் அவற்றை எலிப்பொறிகள் என்று கேலி செய்தார். 1835 ஓகஸ்ட் மாதத்தில் அப்படியான ஒரு பெட்டி, மாளிகையின் சாளரமொன்றைப் பதிந்துகொண்டது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுவே. அளவில் தபால் முத்திரையைவிடச் சற்றே பெரியது. அதிலிருந்த ஏறத்தாழ 200 கண்ணாடிச் சதுரங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ண முடிந்ததாக டல்பொட் குறித்துவைத்தார்.

பிரான்சில் டாகேர் கண்டறிந்த முறை 1839 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதில் உலோகத் தகட்டில் ஒரேயொரு படம்தான் கிடைக்கும். டல்பொட்டின் முறையிலோ ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதிகளும் எடுக்கலாம். பிலிம் சுருள்களோடு வாழ்ந்த என் தலைமுறைச் செய்தியாளர் அனைவரும் அந்தச் சாளரத்துக்குக் கடன்பட்டவர்கள். அதன் முன்னே நின்றபோது, பத்திரிகை அலுவலகத்து இருட்டறையின் இரசாயன வாடை என் மூக்கில் ஏறியதாகவே உணர்ந்தேன்.

அன்று நான் 140 படங்கள் எடுத்தேன். மாலையில் வீடு திரும்பியதும் அவற்றைக் கணினியில் இட்டு மருமகனுக்குக் காட்டினேன். வெயில் விழுந்த சுவர்கள், வெறுமையான வீதி, மூடிய கதவுகள், தேவாலயம். அவன் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, வடிவாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தரையும் காணேல்லையே. சனமெல்லாம் எங்க போட்டுது?"

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. டல்பொட்டின் தொடக்ககாலப் படங்களிலும் மனிதர் இல்லை. அதற்குத் தகுந்த காரணம் இருந்தது. நல்ல வெயிலிலும் கடதாசி படத்தை ஏற்க நெடுநேரம் எடுத்தது. அத்தனை நேரம் அசையாதிருக்கச் சுவரால் முடியும், மனிதரால் முடியாது. 1840இல் அந்த நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைக்கும் வழியைக் கண்டதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அதே ஆண்டு ஒக்ரோபரில் கொன்ஸ்ரன்ஸைக் கமராவின் முன் இருத்தியது. 1844க்கும் 1846க்கும் இடையில் 'இயற்கையின் பென்சில்' என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, ஏணியொன்றின் படத்தில் மூன்று மனிதர்களை நிறுத்தியிருந்தார். காலம் இடங்கொடுத்ததும் அவர் மனிதரைத் தேடினார். விநாடியில் நூறில் ஒரு பங்கில் படமெடுக்கும் கருவியைக் கையில் வைத்திருந்த நானோ, மனிதர் விலகும்வரை காத்துநின்றேன்.

இது என்னை இத்தனை தூரம் உறுத்தியதற்கு வேறொரு காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் இளம் செய்தியாளன். அலுவலகத்தில் நெகட்டிவ் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. உயிரையும் குழந்தைகளையும் சுமந்து நடந்த அந்த இரவில் அவற்றைச் சுமக்க எவருக்கும் கை மிஞ்சவில்லை. மீண்டும் சென்று பார்த்தபோது பெட்டிகள் அங்கில்லை. பின்னாளில் எங்கள் ஊர்க் கட்டடங்களின் பழைய படங்களைப் புலம்பெயர்ந்த நண்பர்களின் அல்பங்களிலிருந்து ஓரளவு திரட்ட முடிந்தது. கோவில் வீதி கிடைத்தது. புகையிரத நிலையம் கிடைத்தது. அந்தப் படங்களை உருப்பெருக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் கண் கட்டடத்தில் தங்குவதில்லை. ஓரத்தில் சைக்கிளோடு நிற்பவர் யார், கடகம் தூக்கிய பெண் எந்த ஊர் என்று தேடுகிறது. அன்று படமெடுத்தவர்களுக்கு அவர்கள் இடைஞ்சலாகவே தோன்றியிருப்பார்கள்.

அந்த 140 படங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழுது என்று ஒதுக்கியவற்றில் ஒன்று அகப்பட்டது. சாய்ந்த வீடொன்றின் கதவு திறந்திருக்கிறது. குளிரங்கி அணிந்த முதியவர் ஒருவர், சில்லுப் பூட்டிய குப்பைத்தொட்டியை வீதிக்கு இழுத்து வருகிறார். தொட்டியின் பிளாஸ்டிக் நிறம் அந்தப் பழைய சுவருக்கு ஒவ்வாததுதான். அவர் சட்டகத்துக்குள் வந்துவிட்டாரே என்று அப்போது சலித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

லேகொக்கில் எடுத்தவற்றுள் அந்த ஒரு படத்தை மட்டுமே அச்சிட்டு என் மேசையில் வைத்திருக்கிறேன்.