துச்சாதனன் ஏன் மன்னிப்புக் கேட்கிறான்?

வியாச பாரதத்தில் பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வரச் சொன்னவன் துரியோதனன். துகிலை உரியச் சொன்னவன் கர்ணன். இரண்டையும் செய்தது துச்சாதனனின் கை. அவன் வெறும் கையாள்தானே, சொன்னதைச் செய்தான் என்று விட்டுவிடலாமா? அதே சபையில் இன்னொரு தம்பியான விகர்ணன் எழுந்து, இது அநியாயம் என்று பேசினானே!

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டின் வட மாவட்டத்துக் கூத்துக் கலைஞர்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. உடம்பால் பதில் சொன்னார்கள்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து இரவு முழுவதும் நடக்கும். துச்சாதன வேடம் சாதாரணமானதல்ல. முகத்தில் அரிதாரம், தலையில் மரக் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், இடுப்பைச் சுற்றி அகன்ற பாவாடை. பகலில் வயலில் வேலை பார்த்த ஒல்லியான மனிதர் இரவில் இரண்டு மடங்கு பெருத்து நிற்பார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்கும்போதே சிறுவர்கள் பயப்படுவார்கள்.

ஆனால் துகிலுரியும் கட்டம் வந்ததும் கூத்து நின்றுவிடும். கற்பூரம் ஏற்றப்படும். சற்றுமுன் வரை உறுமிய துச்சாதனன் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பான். கேட்பது துச்சாதனனா, வேடம் கட்டியவரா? இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே உடம்பு. சேலையைத் தொடப்போவதும் ஒரே கை. எதிரே பாஞ்சாலியாக நிற்பவரும் வழக்கமாக ஓர் ஆண்தான். ஆனாலும் அந்த நேரத்தில் ஊருக்கு அவர் அம்மன். நடிகருக்கு ஆவேசம் வந்து மயங்கி விழுவதும் உண்டு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் (1988), ரிச்சர்ட் ஃப்ராஸ்கா (1990) ஆகியோரின் நூல்கள் இந்தத் திரௌபதி வழிபாட்டையும் கூத்தையும் விரிவாகப் பதிவு செய்தவை.

நகரத்துப் படிப்பாளிகள் இந்தக் கலையை வெகுகாலம் மட்டமாகவே பார்த்தார்கள். 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைக் கூத்தைப் பார்த்து வியந்து எழுதிய பிறகு அந்தப் பார்வை கொஞ்சம் மாறியது. 1990-ல் காஞ்சிபுரம் பகுதியில் பெ. ராஜகோபால் போன்ற கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 'தெரு' என்ற சொல்லில் ஒட்டியிருந்த இளக்காரம் வேண்டாம் என்று, உடம்பை மாற்றும் அந்த மரக்கட்டைகளின் பெயரையே கலைக்கு வைத்துக்கொண்டார்கள். 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று, ஆண்களுக்கே உரியவையாக இருந்த வேடங்களைக் கட்டினார்கள்.

"மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?" என்று சொல்லும் கையாட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1945-46-ல் நடந்த நூரம்பெர்க் விசாரணையிலும் இதே சாக்குச் சொல்லப்பட்டது. அந்த நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கூத்து மேடையும் ஏற்கவில்லை. உத்தரவு யாருடையதாக இருந்தாலும், கை யாருடையதோ அவர்தான் கும்பிட வேண்டும். அதுவும் நடிப்புக்காகத் தொடும் கையே கும்பிட வேண்டும் என்றால், நிஜமாகவே தொட்ட கைகளைப் பற்றி என்ன சொல்வது?