டோனாவூரில் ஒரு குடும்பம்

பெற்றோரால் விடப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேசத் தமிழர்க்கு அயல்நாட்டுச் சான்று வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனை நாம் அறிவோம். குமரிக்கு யாத்திரை சென்ற தாய் சாலி, வழியில் ஈன்ற குழவியை ஒரு தோட்டத்தில் விட்டு அகன்றாள். ஏழு நாட்கள் ஒரு பசு அதற்குப் பாலூட்டிற்று. பின்பு வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி அக்குழந்தையை மகவாக எடுத்து வளர்த்து மறையும் ஓதுவித்தான். வேள்விப் பசுவை விடுவித்த குற்றத்திற்காக ஊரார் சினந்தபோதுதான் அவனது பிறப்புக் கதை வெளிப்பட்டது. அத்துடன் வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட்டான். எடுத்து வளர்ப்பதற்கு ஒரு மனம் போதும். பிறப்பை மறந்துவிடுவதற்கு அதனினும் பெரிய மனம் தேவைப்படுகிறது என்பதைச் சாத்தனார் எத்துணைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்!

இந்த இரண்டாவது மனத்தைப் பெற்றிருந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை எழுத முற்படுகிறேன். அவர் பணி நிகழ்ந்தது திருநெல்வேலிச் சீமையில். ஆயினும் இந்திய மண்ணில் அவர் முதலில் தங்கியது நம் பெங்களூரில்தான். ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் பிரேசர் டவுனிலும் வாழும் தமிழருள் பலர் இதனை அறியார்.

1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த நாள்தொட்டு, சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் வணிகர்களாகவும் கொத்தர்களாகவும் தமிழர் இங்கு வந்து குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து தேவாலயங்களும் மிஷன் பள்ளிகளும் தோன்றின. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தைச் சூறையாடிற்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 42 இலட்சமாகக் குறைந்துவிட்டது. சாலையோரத்தில் எஞ்சிய பிள்ளைகளுக்கென மிஷன்கள் அநாதை விடுதிகளைத் திறந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் விடுதிகளே. நீண்ட கூடம், வரிசையாகப் பாய்கள், மணி அடித்தால் கஞ்சி. உயிர் காத்த அந்தப் பணியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் அங்கே வளர்ந்த பிள்ளை ‘என் வீடு’ என்று எதனைச் சொல்லியிருக்கும்?

அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் 1867 டிசம்பர் 16ஆம் நாள் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். ஜப்பானில் சிறிது காலம் பணியாற்றி, உடல்நலம் குன்றித் திரும்பியவர். இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷன் அவரை 1895 நவம்பரில் பெங்களூரிலிருந்த தன் மருத்துவமனைக்கு அனுப்பிற்று. வந்த வேகத்திலேயே காய்ச்சலில் படுத்தார். எழுந்தபின் தமிழ் கற்கத் தொடங்கினார். தண்டில் வாழ்ந்த வெள்ளையர் சமூகத்தின் தேநீர் விருந்துகளும் வீண்பேச்சும் அவருக்கு ஒட்டவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் தாமஸ் வாக்கர் ஐயரின் அழைப்பை ஏற்று 1896 இறுதியில் திருநெல்வேலிக்குச் சென்றார். வாக்கர் ஐயரே அவருக்குத் தமிழாசிரியருமானார். அன்று தொடங்கி 1951 ஜனவரி 18ஆம் நாள் உயிர் பிரியும்வரை அவர் ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. பெங்களூரில் காலடி வைத்த நாளிலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள்!

தொடக்கத்தில் அவர் செய்தது ஊர் ஊராகச் சென்று சமயப் பிரசாரம் செய்வதுதான். மாட்டு வண்டியில், சேலை உடுத்திய தமிழ்ப் பெண்கள் சிலரை உடன் அழைத்துக்கொண்டு சென்றார். அவர்களுள் தலையாயவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. குழந்தைகளை வளர்க்கும் எண்ணம் அவர்களுள் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

1901 மார்ச்சு மாதம் பண்ணைவிளையில் அவர்கள் தங்கியிருந்தபோது, பெருங்குளத்துக் கோயிலிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து சேர்ந்தாள். முன்னரும் ஒருமுறை அவள் தப்பியோடித் தூத்துக்குடியை அடைந்ததும், பிடித்துக் கொணரப்பட்டுக் கைகளில் சூடு போடப்பட்டதும் கார்மைக்கேல் அம்மையார் எழுத்தால் தெரிகிறது. வெள்ளைக்காரியைப் ‘பிள்ளை பிடிக்கிற அம்மாள்’ என்று கூறிக் குழந்தைகளை அச்சுறுத்துவது அக்காலத்து வழக்கம். அந்த அச்சுறுத்தலே இச்சிறுமிக்கு வழிகாட்டியாயிற்று! பிள்ளை பிடிக்கிற அம்மாளிடம் என்னைக் கொண்டுபோய்விடுங்கள் என்று கேட்டு வந்தவள் அவள். பிரீனா என்று அன்போடு அழைக்கப்பட்ட அக்குழந்தை சொன்ன செய்திகளே, தேவதாசி முறையின் உள்முகத்தை அம்மையாருக்குக் காட்டின.

இங்கே சற்று நின்று நடுநிலையோடு நோக்க வேண்டும். கோயிலுக்கு விடப்பட்ட குழந்தைகள் அனைவரும் அநாதைகள் அல்லர். வறுமையால் கொடுத்தவர் உண்டு; வேண்டுதலால் கொடுத்தவர் உண்டு; கணவனை இழந்து வேறு வழியின்றிக் கொடுத்தவரும் உண்டு. கொடுக்கப்பட்ட இடமும் ஒருவகைக் குடும்பமே. தாசியர் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்துத் தம் கலையையும் சொத்தையும் அளித்தனர். அந்த வழக்கத்தை நீதிமன்றங்களும் சில வழக்குகளில் ஏற்றுள்ளன. நஞ்சன்கூட்டில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் மரபினரின் கலைப்பெருமையை எடுத்துச் சொல்லித் தடைச்சட்ட முயற்சியை எதிர்த்தவர். அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அம்முறையின் கொடுமைகளை 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலாகவே எழுதினார். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. எனினும் ஏழு வயதுச் சிறுமி சூடுபட்ட கைகளோடு ஓடி வருகிறாள் என்றால், அந்த இடத்தை அவளுக்கு வீடு என்று சொல்ல என் நா எழவில்லை. மாதவி மகளின் துறவைப் போற்றும் நாம், சித்திராபதியின் பக்கம் நிற்க இயலாது அல்லவா?

பிரீனாவைத் தொடர்ந்து மேலும் குழந்தைகள் வந்தனர். பொதிகை மலைத்தொடரின் அடிவாரத்து டோனாவூர் அவர்களின் இருப்பிடமாயிற்று. பெயரைக் கேட்டு வியக்க வேண்டாம். இரேனியஸ் ஐயர் 1820களில் அமைத்த கிறித்தவக் குடியிருப்பு அது. பொருளுதவி செய்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரோடு ஊர் என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

1904இல் கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும் இடர் பெருகிற்று. பிறர் குழந்தைக்குப் பாலூட்டக் கிராமத்துப் பெண்கள் முன்வரவில்லை. குலம் தெரியாத பிள்ளை என்றால் சொல்லவே வேண்டியதில்லை. அருகில் மருத்துவ வசதியும் கிடையாது. ஆகவே தென்திருவிதாங்கூரின் நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையை அண்டி ஒரு குழந்தைக் காப்பகம் தொடங்கி, அதனைப் பொன்னம்மாளிடம் ஒப்படைத்தனர். சீதபேதி பரவியபோது குழந்தைகள் சிலர் அங்கே இறந்தனர். அந்த நாட்களைப் பொன்னம்மாள் எங்ஙனம் தாங்கினார் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அவர் 1915இல் புற்றுநோயால் காலமானார். டோனாவூர் என்றதும் உலகம் கார்மைக்கேலின் பெயரையே சொல்லும். இரவெல்லாம் விழித்துப் பாலாடையால் பாலூட்டிய கைகளோ பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள்.

இனி, அந்த இல்லம் குடும்பமான விதத்தைச் சொல்ல வேண்டும். மேனாட்டில் அப்போது இருவகை முன்மாதிரிகள் இருந்தன. ஜார்ஜ் முல்லர் 1836இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய பணி, பிற்காலத்தில் ஐந்து மாபெரும் கட்டடங்களில் ஈராயிரம் பிள்ளைகளைக் காத்தது. யாரிடமும் கைநீட்டுவதில்லை என்ற நெறியைக் கார்மைக்கேல் அவரிடம் கற்றார் எனலாம். ஆனால் பெருங்கட்டடத்தைப் பின்பற்றவில்லை. விக்கர்ன் 1833இல் ஹாம்பர்க் அருகே பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து வளர்த்தார். பர்னார்டோ 1876இல் இலண்டனை அடுத்த பார்க்கிங்சைடில் சிறுமியர்க்கெனத் தனித்தனிச் சிறு வீடுகளும், வீட்டுக்கொரு வளர்ப்புத் தாயுமாக ஒரு சிற்றூரையே சமைத்தார். டோனாவூரும் இவ்வழியிற் சென்றது. குழந்தைகள் குழுக்களாகச் சிறு வீடுகளில் வளர்ந்தனர். ஒவ்வொரு வீட்டிற்கும் பொறுப்பாக ஓர் அக்காள் இருந்தார்.

ஆம், அக்காள்! இதுதான் டோனாவூரின் தனிச்சிறப்பு என்பேன். அங்கே ‘மிஸ்’ இல்லை, ‘மேட்ரன்’ இல்லை. தமிழ்ப் பெண்கள் அக்காள்மார். கடல்கடந்து வந்த வெள்ளைக்காரப் பெண்கள் சித்திமார். ஆடவர் அண்ணாச்சிமார். கார்மைக்கேல் அனைவர்க்கும் அம்மா. நெல்லைச் சீமையின் உறவுமுறைச் சொற்கள் அப்படியே அங்குக் குடியேறின. தமிழில் உறவுச்சொல் வெறும் மரியாதைக் குறிப்பன்று. சித்தி என்று அழைக்கப்பட்டவள், தாய் இல்லாத இடத்தில் தாயாக நிற்கக் கடமைப்பட்டவள். அந்தக் கடமையை அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பெண்கள் சேலையோடு சேர்த்து ஏற்றுக்கொண்டனர். மொழி ஒரு குடும்பத்தை ஆக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் கண்டதில்லை.

மற்றொன்று, அவர்கள் கொண்டாடிய ‘வந்த நாள்’. பல குழந்தைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. ஆகவே டோனாவூருக்குள் அக்குழந்தை வந்து சேர்ந்த நாளையே ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடினர். சாதாரண அலுவலக எழுத்தனாகிய எனக்கு இச்செய்தி நெஞ்சைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. என் மேசைக்கு வரும் படிவங்களில் தந்தை பெயர், பிறந்த தேதி என்னும் இரு கட்டங்கள் தவறாமல் இருக்கும். அவை வெறுமையாக வந்தால் தாள் திரும்பிச் செல்லும். திருப்பி அனுப்பும் குறிப்பை நானே எழுதியிருக்கிறேன். அவற்றுள் எத்தனை தாள்கள், நிரப்ப இயலாதவர் அனுப்பியவையோ!

1918 முதல் ஆண் குழந்தைகளும் டோனாவூரில் சேர்க்கப்பட்டனர். நாடகக் கம்பெனிகளுக்குச் சிறுவர்கள் விற்கப்படுவதைக் கண்டு அம்மையார் கலங்கியதும் அதற்கொரு காரணம். அதே 1918இல்தான் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தனர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒருவர் கண்ணுக்குப் பள்ளியாகத் தோன்றியது மற்றொருவர் கண்ணுக்குச் சிறையாகத் தோன்றிற்று. பாய்ஸ் கம்பெனிகள் நமக்குத் தந்த நடிகர்களை நாம் அறிவோம். அவற்றால் சிதைந்த சிறுவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவது வரலாறாகாது. ‘பிள்ளை பிடிப்பவர்’ என்ற பழி அம்மையாரைக் கடைசிவரை தொடர்ந்தது. அது முற்றிலும் அடிப்படையற்றதென்றும் கூற முடியாது. ஒரு சிறுமியைப் பற்றிய வழக்கில் அவளைத் தாயிடம் ஒப்படைக்குமாறு 1911இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுமி ஒப்படைக்கப்படவில்லை. மாறுவேடத்தில் ஊரைக் கடந்து, இலங்கை வழியாகச் சீனம் வரை கொண்டுசெல்லப்பட்டாள். அவளைக் காப்பாற்றியதாகவே டோனாவூரார் நம்பினர். சட்டத்தின் பார்வையில் அது வேறு பெயருடைய செயல். அரசுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் தீர்ப்பின் பக்கம் நிற்க வேண்டியவன். இருப்பினும் அந்தச் சிறுமியின் விருப்பத்தை அவையில் எவரேனும் கேட்டார்களா என்ற ஐயம் என்னை விடுவதில்லை. பிள்ளைகளைச் சுற்றுப்புற ஊர் வாழ்விலிருந்து மிகவும் ஒதுக்கி வளர்த்தார் என்னும் குறையும் அவர்மீது உண்டு. பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல் 1924இல் டோனாவூருக்கு வந்து, ஏறத்தாழ ஓராண்டில் கருத்து வேற்றுமையால் பிரிந்து சென்றார். குழந்தைகள் அனைவரும் கிறித்தவர்களாகவே வளர்க்கப்பட்டனர் என்பதும் மறைக்க வேண்டிய செய்தியன்று. மிஷன் பணியில் அன்பும் மதமாற்றமும் ஒரே கையின் இரு விரல்களாக இருந்தன. ஒன்றை மட்டும் படமெடுத்துக் காட்டுவது நேர்மையாகாது.

1931 அக்டோபரில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்த அம்மையார், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே கழித்தார். எழுதிக்கொண்டே இருந்தார். தம் கல்லறைமீது நினைவுக்கல் வைக்கலாகாது என்று கூறியிருந்ததால், பிள்ளைகள் அங்கே பறவைகள் நீராட ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் ‘அம்மா’ என்ற ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

அவர் எதிர்த்த வழக்கம் சட்டத்தாலும் முடிவுக்கு வந்தது. மைசூர் அரசு 1909இலேயே தன் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் தேவதாசிப் பணியை நீக்கிவிட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் நெடும்போராட்டத்திற்குப் பின் 1947இல்தான் தடைச்சட்டம் நிறைவேறிற்று. அடைக்கலம் தேடி வந்த சிறுமியரை முன்னிட்டு அவர் 1930இல் சென்னையில் ஒளவை இல்லத்தைத் தோற்றுவித்தார். டோனாவூர்ச் சிறுமியரின் உடன்பிறப்புகள் என்றே அவ்வில்லத்துப் பிள்ளைகளைச் சொல்லத் தோன்றுகிறது.

தத்துச் சட்டம் மட்டும் மெல்ல நடந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கே பொருந்திற்று. கிறித்தவக் குடும்பம் ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தால், 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் என்ற பெயரே கிட்டும். தாய், தந்தை என்ற பெயர் கிட்டாது. சமய வேறுபாடின்றித் தத்தெடுக்க இளையோர் நீதிச் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வழி திறந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திற்று. 2015ஆம் ஆண்டின் புதிய சட்டப்படி, எந்த மிஷன் நடத்தும் இல்லமாயினும் அரசிடம் பதிவு பெற வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்றி ஒரு பிள்ளையையும் வைத்துக்கொள்ள இயலாது. ஜீவனஹள்ளியானாலும் டோனாவூரானாலும் சட்டம் ஒன்றே. 1911இல் நிகழ்ந்ததை எண்ணினால் இக்கட்டுப்பாடு வேண்டுவதே.

படிவத்துக் கட்டங்களும் சற்று இளகியிருக்கின்றன. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் திருத்தியபோது, பிறப்புச் சான்று இல்லாத அநாதைப் பிள்ளைகளுக்கு, அவர்களை வளர்த்த இல்லத்தின் தலைவர் எழுதித் தரும் பிறந்த தேதியையே ஏற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்த அன்று எனக்கு டோனாவூரின் ‘வந்த நாள்’ நினைவுக்கு வந்தது.