பில்டருக்கு ஒரு தூள், துணிக்கு ஒரு தூள்: வீட்டில் நல்ல காப்பி போட

தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் புடவை, ஊறுகாயோடு ஒரு எவர்சில்வர் பில்டரும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது வழக்கம். சிரம்பானிலோ ரந்தாவிலோ வீடு வந்து சேர்ந்ததும், எப்போதும் வாங்கும் காப்பித்தூளை அதில் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். சொட்டு இறங்காது. இறங்கினாலும் கசக்கும். இரண்டு மாதத்தில் பில்டர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். குறை பில்டரிலும் இல்லை, போட்டவர் கையிலும் இல்லை. அந்தத் தூள் அந்தப் பாத்திரத்துக்கு உரியது அல்ல, அவ்வளவுதான்.

நம் நாட்டுக் கடைகளில் 'காப்பித்தூள்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன. காப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்து அரைத்த கறுப்புத்தூள் ஒன்று. இந்தியாவிலிருந்து வரும் சிக்கரி கலந்த பில்டர் தூள் இன்னொன்று. எதுவும் சேர்க்காமல் வறுத்து அரைத்த தூளும் உண்டு. வெந்நீரில் கரையும் இன்ஸ்டன்ட் தூளும் உண்டு. பால்மாவும் சீனியும் சேர்ந்த 'த்ரீ இன் ஒன்' பொட்டலத்தைக் காப்பி என்று சொல்வதைவிட இனிப்புப் பானம் என்று சொல்வதே பொருத்தம். ஒவ்வொன்றுக்கும் போடும் முறை வேறு. உடம்புக்குள் போகும் சீனியும் வேறு.

ரப்பருக்கு முன் காப்பி

நெகிரி செம்பிலானுக்கும் காப்பிக்கும் உள்ள தொடர்பு கடையில் தொடங்கியது அல்ல. காட்டை அழித்த நாளில் தொடங்கியது. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த ஆண்டுகளில் அந்தத் தொழிலையே சாய்த்தது. அங்கிருந்த துரைமார் சிலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் டி.எச். ஹில். சுங்கை ஊஜோங்கில், இன்று ரந்தாவ் வட்டாரத்தில் உள்ள லின்சம் தோட்டத்தில் அவர் காப்பி நட்டார். சுங்கை ஊஜோங் நெகிரி செம்பிலானோடு இணைந்தது 1895-இல். அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். கங்காணி ஆள் திரட்டிய முறையும் இலங்கைக் காப்பித் தோட்டங்களின் வழியாக இங்கு வந்ததுதான். பால்மரம் வெட்ட வந்தவர்கள் என்றே நம் முன்னோரைப் பேசிப் பழகிவிட்டோம். அவர்களில் முன்னால் வந்தவர்கள் பறித்தது காப்பிப் பழம்.

அது பெரும்பாலும் லிபெரிக்கா என்ற இனம். மலைப்பகுதியில் வளரும் அராபிக்கா இங்குள்ள சமவெளி வெக்கையைத் தாங்காது, லிபெரிக்கா தாங்கும். 1890-களின் இறுதியில் பிரேசில் சரக்கு உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. இலையைத் தின்னும் புழுக்களும் தோட்டங்களை வாட்டின. காப்பியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இன்று மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி அதே லிபெரிக்காதான்.

ஊரில் பில்டர் காப்பி நடுத்தர வீடுகளின் அடையாளமாக வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில். அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்ட குடும்பங்கள் பல. அதனால் தோட்டத்து லயங்களில் பில்டரைவிடத் துணியில் வடித்த வரக்காப்பியே பழக்கமானதில் வியப்பில்லை. பெரட்டுக்குப் போகுமுன் இருட்டில் குடிக்க அதுதான் கைக்கு உதவியது.

கறுப்பு என்றால் 'ஸ்ட்ராங்' அல்ல

கோப்பித்தியாம் கடையில் 'கோப்பி ஓ' என்று வாங்கிக் குடிக்கும் காப்பியின் கருநிறம் முழுவதும் கொட்டையிலிருந்து வருவதில்லை. வறுவலின் கடைசிக் கட்டத்தில் சீனியும் மார்ஜரினும், சில ஆலைகளில் சிறிது உப்பும் சேர்ப்பார்கள். சீனி உருகிக் கருகிக் கொட்டையின் மேல் பூச்சாகப் படியும். கோப்பி ஓவுக்கு உரிய கருகிய வாசனை இதனால் வருவது. ஈப்போவின் 'வெள்ளைக் காப்பி' சீனி இல்லாமல் மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுத்தது என்பார்கள். அதன் நிறம் வெளிறியிருப்பதற்குக் காரணம் அதுவே.

இதில் கலப்படம் என்று எதுவும் இல்லை. இது ஒரு வறுவல் முறை. பொட்டலத்தில் 'கோப்பி சம்புரான்' என்று அச்சிட்டிருந்தால் அது கலவைக் காப்பி என்று பொருள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே 'குலா' என்ற சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே பாதி விவரம் புரிந்துவிடும்.

இந்தியத் தூளில் சேர்வது சிக்கரி. அது ஒரு செடியின் கிழங்கு. காயவைத்து வறுத்து அரைக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. நிறத்தையும் கெட்டித் தன்மையையும் இலேசான கசப்பையும் கொடுக்கும், விலையையும் குறைக்கும். இந்தியச் சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. சிக்கரியின் அளவைப் பொட்டலத்தில் எழுதியாக வேண்டும். 80:20, 70:30, 60:40 என்று போட்டிருப்பதில் முதல் எண் காப்பி, இரண்டாவது சிக்கரி. எண்ணைப் பார்க்காமல் பொட்டலத்தின் நிறத்தையும் படத்தையும் பார்த்து வாங்கினால் பாதி கிழங்குக்குக் காப்பி விலை கொடுத்ததாகிவிடலாம்.

வாங்கிய தூள் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அரைக் கரண்டித் தூளை மேலே தூவுங்கள், கலக்க வேண்டாம். தனிக் காப்பி சிறிது நேரம் மிதக்கும், தண்ணீர் மெதுவாகத்தான் நிறம் மாறும். சிக்கரி சட்டென்று மூழ்கி, போகும் வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுக்கும். சீனிப் பூச்சுள்ள தூளும் விரைவாக நிறம் விடும்.

எந்தக் கலவை யாருக்கு

பாலில் கலந்து குடிப்பவர்கள் 80:20-இல் தொடங்குவது நல்லது. கெட்டியாக, கசப்பு ஏறியிருக்க வேண்டும் என்பவர்கள் 70:30 வரை போகலாம். அதற்கு மேல் போனால் காப்பி மணம் அடங்கிக் கிழங்கு வாசனை எழும். பால் இல்லாமல் குடிப்பவர்களுக்குச் சிக்கரி தேவையே இல்லை.

கொட்டை வகையிலும் பெயர்க் குழப்பம் உண்டு. 'பிளான்டேஷன் ஏ' என்பது பழத்தின் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிக்காவின் ஒரு தரம். 'பீபெரி' தனி இனம் அல்ல. காப்பிப் பழத்துக்குள் இரண்டு பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டு திரண்டிருந்தால் அது பீபெரி. ரோபஸ்டாவில் கஃபீன் அராபிக்காவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு; கசப்பும் அதிகம், டிக்காக்ஷனும் கெட்டியாக இறங்கும். அராபிக்காவுக்கு மணம் அதிகம். இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த தூள் பால் காப்பிக்கு நன்றாகப் பொருந்தும். இராத்தூக்கம் கெடுகிறது என்பவர்கள் ரோபஸ்டாவைக் குறைக்க வேண்டும்.

பில்டரில் போடும் முறை

இருவருக்கு 20 கிராம் தூள், அதாவது குவித்த மூன்று மேசைக்கரண்டி, 120 மில்லிலிட்டர் தண்ணீர். தூள் தன் எடையைப்போல் இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் கீழே சேர்வது 80 மில்லி டிக்காக்ஷன்தான். இந்தக் கணக்குத் தெரியாமல்தான் பலர் 'குறைவாக இறங்குகிறதே' என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி நீர்க்கக் குடிக்கிறார்கள்.

மேல் பாத்திரத்தில் ஈரம் இருக்கக்கூடாது. தூளைப் போட்டுப் பக்கத்தில் தட்டிச் சமப்படுத்தி, குடை போன்ற அழுத்தியை வைத்து இலேசாக அமுக்கினால் போதும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடவும். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடவும். பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கடகடவென்று இறங்கினால் தூள் கொரகொரப்பானது அல்லது அழுத்தம் போதவில்லை. இறங்காமல் நின்றால் தூள் மாவாக இருக்கிறது, அதிகம் அமுக்கியிருக்கிறது அல்லது துளை அடைபட்டிருக்கிறது. நாட்டுக் கறுப்புத்தூளைப் பில்டரில் போட்டால் அதன் சீனி கரைந்து பிசுபிசுத்துத் துளையை அடைக்கும். அவசரத்தில் மூடியைத் தட்டுவதும் பில்டரை உலுக்குவதும் வண்டலைத்தான் கீழே தள்ளும்.

டிக்காக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது; மணம் ஆவியாகப் போய்விடும். சூடான பாலை அதன்மேல் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். ஒரு பங்கு டிக்காக்ஷனுக்கு மூன்று பங்கு பால் பொது அளவு. பெட்டிப் பாலானாலும் பரவாயில்லை, தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சினால் சரியாக வரும். கும்பகோணம் 'டிகிரி' காப்பியின் பெயர் பாலின் அடர்த்தியை அளந்த கருவியிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கமும், சிக்கரி என்ற சொல்லின் திரிபு என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எது சரியோ, கெட்டிப் பால் இல்லாமல் அந்தக் காப்பி இல்லை.

துணியில் வடிப்பது

நாட்டுத் தூளுக்குத் துணிதான் ஏற்றது. பெரிய கிளாஸுக்குக் குவித்த ஒரு மேசைக்கரண்டித் தூளைத் துணிப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, நான்கைந்து நிமிடம் ஊறவிட்டு எடுக்கவும். வடிந்ததையே மறுபடி ஒருமுறை துணி வழியாக ஊற்றினால் கெட்டியாகும். அதற்குமேல் ஊற்றினால் கசப்புத்தான் மிஞ்சும். துணியைச் சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டாம். வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும். ஈரமாகச் சுருட்டி வைத்த துணியின் புளித்த வாடை மறுநாள் காப்பியில் தெரியும்.

துணிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. காப்பி எண்ணெயில் கெட்ட கொழுப்பை ஏற்றும் ஒரு பொருள் இருக்கிறது. வடிகட்டாமல் தூளோடு கொதிக்கவைத்த காப்பியில் அது அதிகம். துணியில் வடித்த காப்பியில் அது மிகக் குறைவு என்று சிங்கப்பூர்க் காப்பியை ஆராய்ந்தவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

சீனிதான் பெரிய கணக்கு

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, எல்லா இனத்தையும்விட அதிகம். காப்பி இதற்குக் காரணம் அல்ல. ஆனால் நாள்தோறும் மூன்று நான்கு வேளை சீனி உள்ளே போகும் வழி பல வீடுகளில் காப்பிதான். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு த்ரீ இன் ஒன் பொட்டலத்தில் பாதி சீனி என்று வைத்துக்கொண்டால், 20 கிராம் பொட்டலம் மூன்று குடித்தாலே 30 கிராம்.

டின் பாலிலும் கவனம் தேவை. இனிப்பு டின் பாலில் கிட்டத்தட்ட பாதி சீனி. அதைவிட, நாம் பால் என்று வாங்கும் பல டின்களில் 'கிரீமர்' என்றுதான் எழுதியிருக்கும். அதில் உள்ள கொழுப்பு பசுவுடையது அல்ல, செம்பனை எண்ணெய். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து அதையே காப்பியில் ஊற்றிக் குடிப்பது நெகிரி செம்பிலானில் புதிதல்ல.

சீனியை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். நல்ல தூளில் போட்ட காப்பிக்குச் சீனி குறைவாகவே தேவைப்படும். கருகிய கசப்பை மறைக்கத்தான் அதிகம் கொட்ட வேண்டியிருக்கிறது. நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மாற்று இனிப்பைப் பற்றி கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

சோறு சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தச் சோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று பல நாட்டு மருத்துவ அமைப்புகள் கூறுகின்றன. கெட்டி டிக்காக்ஷன் என்றால் இரண்டு சிறிய தம்ளருக்குமேல் வேண்டாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் தூள் சீக்கிரம் கெடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கிலோ வாங்காமல், இரண்டு வாரத்துக்கு 200 கிராம் வாங்குவது மேல். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைக்கவும். குளிர்பெட்டியில் வைத்து அடிக்கடி எடுத்தால் உள்ளே நீர் கோக்கும். மிஞ்சிய டிக்காக்ஷனை மட்டும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடலாம். பில்டரின் துளைகள் அடைபட்டால், மேல் பாத்திரத்தின் அடிப்பக்கத்தைக் கேஸ் தீயில் சற்று நேரம் காட்டி, ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிந்தால் மறுநாள் காலைக் காப்பி ஒழுங்காக இறங்கும்.