பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தோமா?

"தரம் ஒண்டுக்கு பிள்ளைய எங்க போடப் போறீங்க?" வெள்ளவத்தை லேன்களிலும் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளிலும் நாலு வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. எங்களிலும் சிலர் இப்போது அம்மா, அப்பா ஆகிவிட்டோம். அதனால் கேள்வி எங்களிடமும் வந்து சேர்ந்துவிட்டது. பதிலாக வருவது எப்போதும் அதே நாலைந்து பெரிய பாடசாலைகளின் பெயர்கள்தான். நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிற அரசாங்கப் பாடசாலையின் பெயரைச் சொன்னால், "ஓ, அதோ..." என்று குரல் இறங்கும். உள்ளே போய்ப் பார்த்தீங்களா என்று கேட்டால், அநேகமாக இல்லை.

அந்தக் குரல் ஏன் இறங்குகிறது? அந்தப் பாடசாலையின் இன்றைய நிலையை வைத்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இலவசக் கல்வி 1945 ஒக்ரோபர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அதற்கு முதலே தமிழ், சிங்களப் பாடசாலைகளில் கட்டணம் இருக்கவில்லை. கட்டணம் வாங்கியவை ஆங்கிலப் பாடசாலைகள். அரசாங்க உத்தியோகமும் சட்டமும் மருத்துவமும் அந்த வாசலால் போனவர்களுக்குத்தான் கிடைத்தன. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா உடைக்க நினைத்தது இந்த இரட்டைப் பாதையை. அவர் தலைமை வகித்த விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் கூடாது என்றது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனா மொழியானது. கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. வறிய வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அங்கே அனுப்பத்தான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது.

கட்டணம் இல்லாமல் போனது. ஆனால் எந்தப் பாடசாலை மேல், எது கீழ் என்ற வரிசை அப்படியே நின்றது.

கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் படித்த பாடசாலைகள் பலவற்றைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை. மிஷனரிமார் தொடங்கினார்கள். சனங்களும் சங்கம் சேர்த்துத் தொடங்கினார்கள். 1897 இல் விவேகானந்தர் கொழும்புக்கு வந்துபோன பிறகு, 1902 இல் விவேகானந்த சபை உருவானது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் அவர் பெயரில் இன்றும் கல்லூரி இருக்கிறது. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தியது. பம்பலப்பிட்டியில் 1951 இல் பிள்ளையார் பாடசாலை என்று தொடங்கியதுதான் இன்றைய கொழும்பு இந்துக் கல்லூரி.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தன. நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை இப்படி மாறின. கட்டணம் வாங்காமல் தனியாக நிற்கிறோம் என்று சில பெரிய பாடசாலைகள் விலகிக்கொண்டன. புதிதாகத் தனியார் பாடசாலை திறக்கும் வழி அடைபட்டது. 1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தபோது 'இன்ரநாஷனல் ஸ்கூல்'கள் கம்பனிகளாகப் பதிந்துகொண்டு வேறு வழியால் வந்தன. 1987 இன் 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. பேர்பெற்றவை தேசிய பாடசாலைகளாக மத்திய அமைச்சின் கீழ் இருந்தன, மற்றவை மாகாணத்திடம் போயின. எங்கள் லேனில் இருக்கிற சின்னப் பாடசாலை இந்த வரிசையின் கடைசியில் வந்து நிற்பது இப்படித்தான். அதற்குள் நடக்கும் படிப்பை யாரும் அளந்து பார்த்து அங்கே நிறுத்தவில்லை.

சரி, இப்போது அளப்பது யார்? தரம் ஒன்று அனுமதிக்கான சுற்றுநிருபத்தை எடுத்துப் பாருங்கள். பல வருடமாக ஒரே மாதிரியான பங்கீடு: கிட்டக் குடியிருப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரருக்கு 15, மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஆகியோருக்கு. 1961 இன் சட்டப்படி கையேற்ற பாடசாலைகளில், கையேற்ற நேரத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எத்தனை வீதம் இருந்தார்களோ அந்தக் கணக்கும் பார்க்கப்படுகிறது. தாத்தா பாட்டி காலத்து வகுப்பறைக் கணக்கு இன்றைக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

புள்ளி போடுவது உறுதிக்கு, வாக்காளர் இடாப்பில் உள்ள பேருக்கு, பழைய மாணவர் சங்க அங்கத்துவத்துக்கு. அளக்கப்படுவது குடும்பம். பாடசாலையை இங்கே யாரும் அளப்பதில்லை.

கொழும்புத் தமிழருக்கு இந்தக் கடதாசி இன்னும் பாரம். 1983 யூலையில் வீடு எரிந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலே அகதியாக இருந்த குடும்பங்கள் உண்டு. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்து, வாடகை அறையில் வருடக்கணக்காக இருந்தும் இடாப்பில் பேர் ஏறாதவர்கள் உண்டு. 2007 யூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் இருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு வெளியேற்றினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று நிரூபிக்கச் சொல்லும் எந்தப் படிவமும் இந்தச் சனங்களுக்கு வெறும் படிவமாக இருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளை அதிகம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது பக்கத்துச் சின்னப் பாடசாலை. பிறகு "அங்க யார் படிக்கினம் தெரியுமோ?" என்று அதைக் குறைத்துப் பேசவும் அதுவே காரணமாகிவிட்டது.

இதே சுற்றுநிருபத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் கேட்கும் பாடசாலையை விடக் கிட்டவாக, ஆரம்பப் பிரிவு உள்ள வேறு பாடசாலைகள் இருந்தால் உங்கள் புள்ளி குறையும். கிட்ட இருப்பதில் பிள்ளையைச் சேர்ப்பதுதான் இயல்பு என்று சட்டம் நினைக்கிறது. கிட்ட இருப்பது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வேலையைப் பெற்றோரிடம் விட்டுவிட்டது.

அந்த வேலையை எப்படிச் செய்வது? பெரும்பாலானோர் ஒரு இலக்கத்தைத்தான் பார்க்கிறார்கள்: புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர்? வருடத்துக்கு மூன்று இலட்சம் பிள்ளைகளுக்கு மேல் எழுதும் பரீட்சை அது. ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பேர் இருந்து எட்டுப் பேர் சித்தியடைந்தால் பனர் கட்டுவார்கள். மற்ற இருபத்தேழு பேருக்கும் வாசிக்கத் தெரியுமா என்பது பனரில் வராது. அந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் பின்னேரம் ரியூசனில் படித்தவர்கள் என்பதும் வராது. இங்கிலாந்திலும் 1990களில் பாடசாலைப் பெறுபேறுகளை அட்டவணை போட்டு வெளியிடத் தொடங்கினார்கள். அதிலும் பாதி தெரிந்தது வீட்டின் வசதிதான் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

எங்களிடம் வேறொரு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 1997 இல் அறிவித்து 1999 இலிருந்து நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 இல் விளையாட்டுத்தான் முதலிடம், மேசையில் இருந்து எழுதுவது கடைசி. தரம் 3, 4 இல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் சமம். தரம் 5 இல் எழுத்துவேலை கூடலாம். ஒவ்வொரு நிலையிலும் எல்லாப் பிள்ளையும் எட்டவேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியலும் உண்டு. 'எல்லாப் பிள்ளையும்' என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே அதிபரிடம் நேரம் கேட்டு ஒரு காலை போய்ப் பார்ப்போம். தரம் ஒன்றில் பிள்ளைகள் நிலத்தில் இருந்து ஏதாவது செய்கிறார்களா, இல்லை கொப்பியில் பார்த்து எழுதுகிறார்களா? பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் பேர் ரீச்சருக்குத் தெரியுமா? வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் தெளிவான பதில் வருகிறதா? மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா? ஒரு ரீச்சர் இடமாற்றம் கிடைத்துப் போனால் வகுப்பு எத்தனை நாள் சும்மா இருந்தது? சிங்களமும் ஆங்கிலமும் படிப்பிக்க ஆள் இருக்கா? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பெற்றோர் வருகிறார்கள்? இதற்குப் பழைய மாணவர் அங்கத்துவம் தேவையில்லை. அரை நாள் லீவு போதும்.

பார்த்த பிறகும் 'வேண்டாம்' என்று முடிவு வரலாம். ரீச்சர் இல்லாத வகுப்பில் தன் பிள்ளையை விடமாட்டேன் என்று சொல்லும் தாயிடம், சமூகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் பார்க்காமலே விலகும்போது நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர் போய்விடுவார்கள். பிள்ளைகளின் தொகை குறையும். தொகை குறைந்தால் ஆசிரியர் ஒதுக்கீடும் குறையும். அடுத்த வருடம் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். வேறு வழியில்லாமல் அங்கேயே இருக்கும் பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

1951 இல் பிள்ளையார் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்குப் பார்க்கப் பெறுபேறு ஒன்றும் இருக்கவில்லை. பழைய மாணவர் என்று ஒருவரும் இல்லை. பேர் பிறகுதான் வந்தது. இன்றைக்குப் பக்கத்து லேனில் இருக்கும் பாடசாலையின் பேரும் யார் உள்ளே போகிறார்கள், போய் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.