சிறுநகரத் தீயணைப்பு நிலையம்: யாருடைய பொறுப்பு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று இந்தியாவெங்கும் தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி செலுத்தப்படுகிறது. 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. வீரர்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோதே கப்பல் வெடித்துச் சிதறியது. தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாக அந்நாளில் தொடங்கும் ஏழு நாள்களும் தீயணைப்புப் பணி வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன.

அதே வாரத்தில் பஞ்சாப், ஹரியாணா சமவெளிகளில் கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும். தாழத் தொங்கும் மின்கம்பிகள் உரசிச் சிதறும் ஒரு பொறி போதும். அறுவடை இயந்திரத்திலிருந்து தெறிக்கும் ஒரு பொறியும் போதும். அருகிலுள்ள சிறுநகரத்து நிலையத்திலிருந்து வண்டி வயலை நோக்கி ஓடும். துறைமுகத் தீயை நினைவுகூரும் வாரமும் வயல் தீயின் பின்னே ஓடும் வாரமும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும் இத்துறையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அது நல்லதொரு தொடக்கம். இந்தியத் தீயணைப்பு அமைப்பு துறைமுகத்தையும் கிடங்கையும் முன்வைத்துப் பிறந்தது. சிறுநகரமும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் பின்னாளில், அதுவும் அரைகுறையாகவே, அதன் கணக்கில் சேர்க்கப்பட்டன. இப்பதிவு முன்வைக்கும் வாதம் இதுதான்.

பம்பாயில் தீயணைப்பு முதலில் காவல்துறையின் கூடுதல் வேலையாக இருந்தது. 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் தீயணைப்புப் படையைப் பேணுவதை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக்கியது. கல்கத்தாவில் இதன் வேர் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கு 1893இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே ‘உரிமம் பெற்ற கிடங்குகள் மற்றும் தீயணைப்புப் படைச் சட்டம்’. சணல் முதலிய எளிதில் தீப்பற்றும் சரக்கை வைத்திருந்த கிடங்குகளின் உரிமமும் படையின் பராமரிப்பும் ஒரே சட்டத்துக்குள் இணைக்கப்பட்டன. ஏற்றுமதிச் சரக்கு எங்கே குவிந்ததோ அங்கே தீயணைப்பு வண்டியும் நின்றது.

உள்நாட்டுச் சிறுநகரங்களின் நிலை வேறு. 1911ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டம், தீயணைப்புப் படையை நகராட்சி ‘அமைக்கலாம்’ என்றது. அரசு ஆணையிட்டால்தான் ‘அமைத்தாக வேண்டும்’. பம்பாய்க்குக் கட்டாயமாக இருந்தது இங்கே விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. சந்தைத் தீர்வையையும் வீட்டு வரியையும் நம்பி வாழ்ந்த ஒரு நகராட்சி இந்த ‘லாம்’ விகுதியை எப்படிப் படித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை ஓரளவு மாற்றியது. வான்தாக்குதல் அச்சம் தீயணைப்பை நகராட்சியின் எல்லைக்கு மேலே உயர்த்தியது. ஐக்கிய மாகாணம் 1944இல் மாகாண அளவில் தீயணைப்புச் சட்டம் இயற்றியது. மேற்கு வங்காளம் 1950இல் இயற்றியது. ஆனால் மகாராஷ்டிரம், குஜராத், பஞ்சாப் போன்ற பல மாநிலங்களில் அப்பணி உள்ளாட்சிகளிடமே நீடித்தது. இன்று இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியான தீயணைப்புத் துறை இல்லாததன் காரணம் இந்தப் பிரிவில் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டமும் இதைத் தீர்க்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த ஏழாம் அட்டவணையின் மூன்று பட்டியல்களில் எதிலும் தீயணைப்பு தனி இனமாக இடம்பெறவில்லை. உள்ளாட்சி என்ற மாநில இனத்துக்குள் அது அடங்கிக் கிடந்தது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. அதன் ஏழாவது இனம் தீயணைப்புப் பணி. ஆனால் 243W பிரிவின்படி, அவ்வட்டவணையிலுள்ள பணிகளை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகளிடம் ஒப்படைக்க‘லாம்’. பழைய விகுதி புதிய சட்டத்திலும் தொடர்ந்தது. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 இனங்களிலோ தீயணைப்பு என்ற சொல்லே கிடையாது. எரியும் கோதுமை வயல் பெரும்பாலும் ஊராட்சி எல்லையில் இருப்பது. அதை அணைக்க வரும் வண்டியோ நகரத்தினுடையது.

இந்த ஏற்பாட்டின் விலையை ஒரு சிறுநகரம் கொடுத்தது. ஹரியாணாவின் சிர்சா மாவட்டத்தில் பஞ்சாப் எல்லையோரம் இருப்பது மண்டி டப்வாலி. பெயரிலுள்ள ‘மண்டி’ அது தானியச் சந்தை ஊர் என்பதைச் சொல்லிவிடும். 1995 டிசம்பர் 23 அன்று அங்கொரு கல்யாண மண்டபத்தில் தனியார் பள்ளியொன்றின் ஆண்டு விழா நடந்தது. மேலே செயற்கை இழைத் துணியாலான பந்தல். உள்ளே நூற்றுக்கணக்கான குழந்தைகளும் பெற்றோரும். பந்தலில் தீப்பற்றியதும் உருகிய துணி கூட்டத்தின்மேல் விழுந்தது. வெளியேற வாயில் போதவில்லை. 442 பேர் இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

அந்தத் தீ தன் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டது. மத்திய உள்துறையின் நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த நெறிப்படி, அழைப்பு வந்தபின் நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிடங்களுக்குள்ளும் ஊர்ப்புறத்தில் 20 நிமிடங்களுக்குள்ளும் வண்டி சேரவேண்டும். அந்நெறி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும் டப்வாலியில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்க முடியாது. அவர்களைக் காத்திருக்கக்கூடியது விழாவுக்கு முன்பே நடந்திருக்கவேண்டிய ஆய்வு: எத்தனை வாயில், என்ன துணி, எத்தகைய மின்இணைப்பு என்று கேட்கும் அதிகாரமுள்ள ஒருவர். தீயணைப்புத் துறையின் முதன்மைப் பணி தண்ணீர் பாய்ச்சுவதன்று, அனுமதி மறுப்பது என்பதை இதைவிடக் கொடுமையாக உணர்த்திய நிகழ்ச்சி நம் நாட்டில் அரிது. 94 குழந்தைகளைப் பறித்த 2004ஆம் ஆண்டின் கும்பகோணம் பள்ளித் தீயும் அதே பாடத்தையே திரும்பச் சொன்னது.

டப்வாலி வழக்கில் பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பு, வரலாற்று மாணவர்கள் படிக்கவேண்டிய ஆவணம். இழப்பீட்டுப் பொறுப்பை அது விழா நடத்தியவர்களோடு நிறுத்தவில்லை. 45 விழுக்காட்டை மாநில அரசு, நகராட்சி, மின்வாரியம் ஆகிய பொது அமைப்புகளின்மீது சுமத்தியது. நூறாண்டுகளாக ‘செய்யலாம்’ என்றிருந்த ஒன்றைச் ‘செய்யாமல் விட்டதற்குப் பொறுப்பு’ என்று நீதிமன்றம் மொழிபெயர்த்தது என இதை நான் வாசிக்கிறேன். அதே 2009இல் ஹரியாணாவுக்குத் தனித் தீயணைப்புச் சட்டம் வந்தது. 2022இல் அதற்கு மாற்றாக வந்த சட்டத்தின் பெயரில் ‘அவசரகாலப் பணிகள்’ என்பதும் சேர்ந்துகொண்டது.

அச்சொல் அலங்காரமன்று. சாலை விபத்தில் நசுங்கிய வண்டியை அறுத்து ஆளை மீட்பதும், கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதும், வெள்ளத்தில் படகிறக்குவதும் இன்று இதே ஊழியர்களின் வேலை. தமிழ்நாட்டில் துறையின் பெயரே ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்’ என்றிருப்பதை நினைவுகூரலாம். பணி விரிந்த வேகத்தில் பணம் விரிந்ததா என்பதே கேள்வி. பதினைந்தாம் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கவும் நவீனமாக்கவும் 5,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை 2023இல் மத்திய அரசு தொடங்கியது. வண்டிகளும் கருவிகளும் அதனால் வரும். சிறுநகரத்தில் ஒரு மண்டப உரிமையாளரிடம் ‘இந்தப் பந்தலைப் போடாதே’ என்று சொல்லி, அச்சொல்லில் நிற்கக்கூடிய அதிகாரியைப் பணம் மட்டும் உருவாக்கிவிடாது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நகர வரலாறுகள் குடிநீர், துப்புரவு, சாலை பற்றி விரிவாகப் பேசுகின்றன. தீயணைப்பைப் பற்றி மிகக் குறைவு. ஒவ்வொரு சிறுநகர நிலையத்திலும் அழைப்புப் பதிவேடு ஒன்று இருக்கும். எந்நேரம் அழைப்பு வந்தது, வண்டி எப்போது புறப்பட்டது, எந்த ஊருக்குச் சென்றது, எது எரிந்தது என்பவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எந்த ஆண்டில் கூரைவீட்டுத் தீ குறைந்தது, எப்போது மின்கசிவு முதற்காரணமாயிற்று, நகர எல்லைக்கு வெளியே வண்டி எத்தனை முறை போனது என்பனவற்றை அப்பதிவேடுகளே சொல்லும். கழித்துக் கட்டப்படுவதற்குமுன் அவற்றைப் படித்துவிட வேண்டும்.

பம்பாய்த் துறைமுகத்தில் மாண்ட 66 பேருக்கு நாம் தலைவணங்குவது முறையே. அந்த வாரத்திலேயே, வேறொரு எல்லைக்குட்பட்ட வயலில், தன் நகராட்சி தந்த ஒற்றை வண்டியோடு நிற்கும் ஊழியரையும் அவ்வரலாற்றில் சேர்த்துக்கொள்வது நம் கடமை.