ஏகஜாலகம்

கேரள அரசின் மேல்நிலை (பிளஸ் ஒன்) மாணவர் சேர்க்கைக்கான ஒற்றைச்சாளர முறை. 2007இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, மறு ஆண்டே மாநிலமெங்கும் விரிந்தது. அதற்குமுன் பள்ளிக்குப் பள்ளி விண்ணப்பம் வாங்கிப் பெற்றோர் அலைந்தனர். இன்று ஒரே இணைய விண்ணப்பம். மாவட்டத்திலுள்ள அரசு, உதவிபெறும் பள்ளிகளைப் பாடப்பிரிவோடு சேர்த்து விருப்ப வரிசையில் குறித்தால் போதும்.

தரவரிசைக்கு அடிப்படை பத்தாம் வகுப்பு மதிப்பெண். அதோடு, படித்த அதே பள்ளி, குடியிருக்கும் உள்ளாட்சி, வட்டம் ஆகியவற்றுக்குக் கூடுதல் புள்ளிகள் உண்டு. கரமனை திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால், அங்குள்ள மாணவி கரமனை அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியைக் கேட்டால் இப்புள்ளிகள் கைகொடுக்கும். சோதனை ஒதுக்கீடு முதலில் வரும். பிழை திருத்த அதுவே வாய்ப்பு.

நுட்பம் கட்டணத்தில்தான் இருக்கிறது. முதல் விருப்பம் கிடைத்தவர் கட்டணம் செலுத்தி நிரந்தரமாகச் சேர்ந்தாக வேண்டும். கீழ் விருப்பம் கிடைத்தவர் சான்றிதழ்களை மட்டும் ஒப்படைத்து, கட்டணமின்றித் தற்காலிகமாகச் சேர்ந்து மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். இரண்டும் செய்யாதவர் ஒதுக்கீட்டிலிருந்தே வெளியேறுவார். விதி சற்றுக் கடுமையானதே. ஒவ்வொரு சேர்க்கையையும் பள்ளி முதல்வர் உடனுக்குடன் இணையத்தில் பதியவேண்டும். அப்போதுதான் காலியிடம் அடுத்த சுற்றுக்குப் போகும். விண்ணப்பக் கட்டணம் 25 ரூபாயும் சேரும்போதுதான் வசூலாகும். உதவிபெறும் பள்ளிகளின் நிர்வாக ஒதுக்கீட்டை அந்தந்தப் பள்ளியே நிரப்புகிறது.